டி கொரோனே போரியாலிஸுக்காக வாங்கிய 10×50 பைனாகுலர்: ஒரு வருடம் கழித்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்று எல்லோரும் காத்திருக்கும் டி கொரோனே போரியாலிஸ் என்ற நட்சத்திரம் வெடிக்கும் இரவில் அதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். அது வெடித்து உச்சத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட துருவ நட்சத்திரம் அளவுக்குத் தெரியும், வெறும் கண்ணே போதும். அப்படியிருந்தும் 2024 ஏப்ரலில் 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து ஒரு 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) வாங்கினேன். இன்று 2025 மே மாதம், அது இன்னும் வெடிக்கவில்லை, ஆனாலும் கொடுத்த காசில் ஒரு ரூபாய்க்குக்கூட வருத்தமில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வெடிப்பு என்றதும் சூப்பர்நோவா, அதாவது நட்சத்திரமே சிதறி அழிவது, என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது நோவா, அதுவும் திரும்பத் திரும்ப வருகிற வகை. சுமார் 3,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு வெள்ளைக் குள்ளனும் (எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் சுருங்கிய மிச்சம்) ஒரு சிவப்பு ராட்சத நட்சத்திரமும் ஏறக்குறைய 227 நாளுக்கு ஒரு சுற்று என்று ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. ராட்சதனிடமிருந்து ஹைட்ரஜன் வழிந்து குள்ளன் மேல் படிந்துகொண்டே இருக்கிறது, அடியில் அழுத்தமும் சூடும் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் மொத்தப் படலமும் அணுக்கரு இணைவில் ஒரேயடியாகப் பற்றிக்கொள்கிறது. நட்சத்திரம் அழிவதில்லை, மேலே சேர்ந்ததுதான் தெறித்துப் போகிறது, அப்புறம் மறுபடி சேர ஆரம்பிக்கும். 1866 மே 12-இல் ஒருமுறை, 1946 பிப்ரவரி 9-இல் ஒருமுறை, நடுவில் 80 வருடம். 1946-க்கு முன்னால் அதன் ஒளி கொஞ்சம் மங்கியது, 2023-இலும் அதே மாதிரி மங்கியது, அதை வைத்து 2024 செப்டம்பருக்குள் வெடிக்கும் என்று கணித்தார்கள். செப்டம்பர் போய்விட்டது. எந்த இரவும் நடக்கலாம் என்பதுதான் இப்போதைய நிலை.

சரி, பைனாகுலருக்கு வருகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஏனென்றால் இந்த விலையில் வரும் 10×50 எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், பெயரைவிட உங்கள் கைக்கு வரும் அந்த ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். எனக்கு முதலில் வந்தது கோணலாக இருந்தது. பகலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை, இரவில் சுவாதி நட்சத்திரத்தைப் பார்த்தால் ஒரு நட்சத்திரம் இரண்டாகத் தெரிந்தது, பத்து நிமிடத்தில் தலைவலி. இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும், திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். அதனால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துச் சோதித்துவிடுங்கள், பகல் சோதனை போதாது. அப்புறம் 20-180×100 என்றெல்லாம் எண் போட்டு விளம்பரம் வருமே, அந்தப் பக்கமே போக வேண்டாம், அந்த விலைக்கு அந்த எண் உண்மையாக இருக்கவே முடியாது.

இப்போது என்னிடம் இருப்பதில் பேக்-4 என்ற தரமான கண்ணாடியில் செய்த பிரிஸம், பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் தெரியும் வானத்தின் அகலம், 6.5 பாகை. இந்த 6.5 என்பது இந்த நட்சத்திரத்துக்கென்றே அளந்து கொடுத்தது போல அமைந்துவிட்டது. கொரோனா போரியாலிஸ், அதாவது வடமகுடம், ஏழு நட்சத்திரம் அரை வளையமாக நிற்கும் சின்னக் கூட்டம். அதில் பிரகாசம் அதிகமானது ஆல்ஃபெக்கா, ஒளி அளவு 2.2 (இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம்). வளையத்தின் கிழக்கு ஓரத்தில் எப்சிலான், 4.1. எப்சிலானிலிருந்து ஒரு பாகை தென்கிழக்கே போனால் நம் ஆள் இருக்கும் இடம். ஆல்ஃபெக்காவை ஒரு ஓரத்தில் வைத்தால் அந்த இடம் மறு ஓரத்தில் வந்துவிடும், ஓரத்தில் நட்சத்திரங்கள் கொஞ்சம் வால் முளைத்த மாதிரி இழுபடும் என்பது உண்மைதான், ஆனாலும் ஒரே பார்வையில் இரண்டையும் ஒப்பிட முடிகிறது. 2.2 பக்கத்திலேயே இருப்பதால் வெடித்தால் எவ்வளவு ஏறியது என்று உடனே சொல்லிவிடலாம்.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை நீட்டினால் சுவாதி, அங்கிருந்து அபிஜித் நட்சத்திரத்தை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரம் போனால் வடமகுடம். மே நடுவில் நள்ளிரவு தாண்டி முக்கால் மணிக்கு உச்சிக்கு வரும், ஜூலையில் ஒன்பது மணிக்கெல்லாம். உச்சி என்றால் நிஜமாகவே உச்சி, எங்கள் வேலூரில் தலைக்கு நேர் மேலிருந்து 13 பாகை வடக்கே, அவ்வளவுதான். நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து போய்விடும். மொட்டைமாடியில் பாயும் தலையணையும் போட்டுப் படுத்து, முழங்கையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தால் நடுக்கம் பாதியாகக் குறைகிறது. 900 கிராம் கனம் முதல் ஐந்து நிமிடம் தெரியாது, பிறகு நன்றாகவே தெரியும். முக்காலி வாங்கினேன், தலைக்கு மேலே பார்ப்பதற்கு அது பெரிதாக உதவவில்லை.

குறை என்று சொன்னால், சாதாரண நாளில் அந்த நட்சத்திரம் 10-ஆம் ஒளி அளவில் இருக்கிறது, எங்கள் மாடியிலிருந்து அது ஒரு இரவுகூடத் தெரியவில்லை. ஊர் விளக்குகளுக்கு நடுவே இந்தக் கருவி எட்டு வரைதான் போகிறது. போன மார்ச் அமாவாசையில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு தெரிந்தவர் நிலத்தில் விடியற்காலை மூன்று மணிக்குப் படுத்துப் பார்த்தபோது, நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை, பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கிக் கடைக்கண்ணால் பார்த்தால் ஒரு புள்ளி வந்து வந்து போனது. அந்தப் புள்ளி ஒரே நாளுக்குள் ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் பிரகாசமாகப் போகிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது, அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

மாடியிலிருந்து தெரியாததை ஏன் தினமும் பார்க்க வேண்டும்? நான் வாங்கியது அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அந்த இடம் காலியாக இருப்பதை நூறு தடவை பார்த்தவனுக்குத்தான் நூற்றியோராவது தடவை அங்கே புதிதாக ஒன்று வந்தால் தெரியும். மாறும் நட்சத்திரங்களைப் பார்ப்பவர்களுக்கென்று அமெரிக்காவில் 1911-இல் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ சங்கம், நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தால் இலவசமாக வரைபடம் தருகிறது. அதில் 41 என்று போட்டிருந்தால் 4.1 என்று அர்த்தம், புள்ளி வைத்தால் அதை ஒரு நட்சத்திரம் என்று நினைத்துவிடுவோம் என்பதால் விட்டுவிடுகிறார்கள். "தெரியவில்லை, எட்டுக்கும் கீழே" என்று அனுப்பினாலும் அதையும் ஒரு பதிவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தச் சங்கத்துக்காக 25 வருடம் இதே நட்சத்திரத்தைக் காத்திருந்த ஓஹையோக்காரர் லெஸ்லி பெல்டியர், 1946-இல் அந்த ஒரு இரவு மட்டும் சளி பிடிக்கிறது போலிருக்கிறது என்று அலாரம் அடித்தும் படுக்கப் போய்விட்டார். அந்த இரவுதான் வெடித்தது. எனக்குச் சோம்பல் வரும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்து எழுந்துவிடுகிறேன்.

இன்னொன்று, உச்சம் சில மணி நேரம்தான், ஒரு வாரத்தில் வெறும் கண்ணுக்கு எட்டாமல் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் தொடர்ந்து பார்க்கப் பைனாகுலர் வேண்டும். 1866, 1946 இரண்டு முறையும் சுமார் நூறு நாள் கழித்து எட்டாம் அளவுக்கு மறுபடி ஒருமுறை ஏறியது, அந்த இரண்டாவது ஏற்றம் வெறும் கண்ணோடு இருப்பவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. தென்மேற்குப் பருவ மேகம் வந்து முதல் வாரத்தைக் கெடுத்தாலும் எனக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது.

இந்த மாதிரி திரும்பத் திரும்ப வெடிக்கும் நட்சத்திரங்களில் யூ ஸ்கார்பியையை 1863-இல் முதலில் பார்த்தவர் நார்மன் பாக்சன், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து. ஒளி அளவில் 5 படி என்றால் 100 மடங்கு என்று வகுத்தவரும் அவர்தான், நான் மேலே போட்டிருக்கும் கணக்கெல்லாம் அவருடையது. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலை என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. யூ ஸ்கார்பியை 2022-இலும் வெடித்தது, உச்சத்தில் ஏழரை வரை வரும், இந்தக் கருவிக்கு எட்டும் அளவுதான், ஆனால் ஒன்றிரண்டு நாளில் மங்கிவிடும்.

பராமரிப்பில் ஒரே விஷயம், பூஞ்சை. ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் சரி செய்யும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிபோட்ட டப்பாவில் வைக்கிறேன். லென்ஸை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள்.

அக்கா மகனுக்கு இப்போது பதினொரு வயது. தினமும் மாடிக்கு வந்து, "மாமா, இன்னிக்கு வெடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறான். போன வாரம் வரைபடம் இல்லாமல் அவனே எப்சிலானைப் பிடித்து, "இங்க ஒண்ணும் இல்ல, எழுதிக்கோ" என்றான். 10×50 அவன் கைக்குக் கனம் அதிகம், அவனுக்கு ஒரு 7×35 பார்த்துக்கொண்டிருக்கிறேன். சித்ரா பௌர்ணமி நிலவு தேய ஆரம்பித்துவிட்டது, இந்த மாதக் கடைசி அமாவாசைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூர் போகிறோம்.