மலக்குமார் அட்டைத் தொகுப்பு: மக்தபுக்கு வாங்கலாமா?

ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஆறு கடமைகளில் பிள்ளைகள் கேள்வி கேட்டுத் துளைப்பது இரண்டாவதான மலக்குகளை (வானவர்களை) நம்புவதில்தான். மலக்கு சாப்பிடுவாரா, தூங்குவாரா, நம்ம தோள்மேலதான் உட்கார்ந்திருக்காரா? மக்தப் எனும் குர்ஆன் பாடசாலையில் அந்த வகுப்புக்கென்றே வந்திருக்கிறது இந்தத் தொகுப்பு. மொத்தம் 32 அட்டைகள். நீல விளிம்பில் 16 பெயர்கள், பச்சை விளிம்பில் 16 பணிகள். ஜோடி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். உருவம் எதையும் வரையவில்லை. பெயரைச் சுற்றி ஒளிக்கதிர் மட்டும். மலக்குகள் ஒளியால் படைக்கப்பட்டவர்கள் என்று 'முஸ்லிம்' தொகுப்பில் வரும் ஹதீஸுக்கு (நபிமொழிக்கு) இது போதும். இரண்டு சிறகு வைத்து ஒரு படம் போட்டிருந்தால் அதுவே பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். பிறகு குர்ஆனின் ஃபாத்திர் சூராவின் (அத்தியாயத்தின்) முதல் வசனத்தில் இரண்டு, மூன்று, நான்கு சிறகுகள் என்று வரும்போதும், ஜிப்ரயீல் (அலை) அவர்களுக்கு 600 சிறகுகள் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் வரும்போதும் திகைத்து நிற்கும்.

கப்ரில் கேள்வி கேட்கும் முன்கர், நகீர் அட்டையில் உழைப்பு தெரிகிறது. பெயர்கள் திர்மிதீ ஹதீஸ் தொகுப்பில் வருகின்றன. உன் ரப்பு (இறைவன்) யார், உன் மார்க்கம் எது, (நபியைப் பற்றி) இந்த மனிதர் யார் என்ற மூன்று கேள்விகளும் அபூதாவூத் தொகுப்பில் வருகின்றன. இரண்டையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். இதே கவனம் எல்லா அட்டையிலும் இருந்திருக்கலாம்.

இல்லை என்பதுதான் குறை. உயிரைக் கைப்பற்றும் மலக்குக்கு 'இஸ்ராயீல்' என்று போட்டு, கீழே 32:11 (சூரா 32, வசனம் 11) என்று எண் கொடுத்திருக்கிறார்கள். குர்ஆனைத் திறந்து பார்க்கும் பிள்ளைக்கு அங்கே கிடைப்பது 'மலக்குல் மவ்த்' (மரணத்தின் மலக்கு) மட்டுமே. இஸ்ராயீல் என்ற பெயர் குர்ஆனிலும் இல்லை, ஸஹீஹான (நம்பகமான) ஹதீஸிலும் இல்லை. சொர்க்கத்தின் காவலர் ரிள்வான் என்ற பெயரும் குர்ஆனில் கிடையாது. நரகத்தின் காவலர் மாலிக் அப்படியல்ல. 43:77இல் நரகவாசிகள் 'யா மாலிக்' என்று பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். குர்ஆனில் உள்ள பெயர், ஹதீஸில் உள்ள பெயர், வழக்கில் மட்டும் உள்ள பெயர் என்று மூன்று நிறப் புள்ளி வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். ஸ்டிக்கர் வாங்கி நீங்களே ஒட்டிக்கொள்ளலாம்.

செயல்களை எழுதும் மலக்குகளுக்கு ரகீப், அதீத் என்று வலது தோளுக்கும் இடது தோளுக்கும் தனித்தனி ஜோடி கொடுத்திருப்பது வழக்கமான பிழை. 50:18இல் வருவது 'தயாராக இருக்கும் கண்காணிப்பாளர்' என்ற வர்ணனை. தஃப்ஸீர்களில் (குர்ஆன் விளக்கவுரைகளில்) பெரும்பாலும் இது இருவருக்குமே பொருந்தும் பண்பாகத்தான் விளக்கப்படுகிறது. இரண்டு ஜோடிகளையும் எடுத்துவிட்டு, 82:11இல் உள்ளபடி 'கிராமன் காத்திபீன்' (கண்ணியமிக்க எழுத்தர்கள்) என்று ஒரே ஜோடி எழுதிச் சேருங்கள்.

இப்லீஸுக்கு (ஷைத்தானுக்கு) 'வழிதவறிய மலக்கு' என்று ஓர் அட்டை! இதை யார் சரிபார்த்தார்களோ தெரியவில்லை. அவன் ஜின் இனத்தவன் என்று 18:50 வெளிப்படையாகச் சொல்கிறது. மலக்குகள் அல்லாஹ்வின் கட்டளையை மீறுவதில்லை என்பது 66:6. இந்த ஜோடியைக் கிழித்துப் போடுவதே நல்லது. சூனியம் பற்றிய வசனத்தில் (2:102) வரும் ஹாரூத், மாரூத் பெரிய பிள்ளைகளுக்கு ஆகட்டும். சிறியவர்கள் சூனியத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அச்சில் ஒரு பெயர் இருவிதமாக வருகிறது: அட்டையில் ஜிப்ரயீல், கையேட்டில் ஜிப்ரீல். அரபி எழுத்துக்கு ஹரகத் (உயிர்க்குறி) இல்லை; ஓதத் தொடங்கியவர்களுக்கு உதவாது. லேமினேஷனை அட்டை விளிம்போடு ஒட்ட வெட்டியிருப்பதால் ஈரம் ஏறி மூலை பிரியும். வாங்கியதுமே ஓரங்களில் ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள்.

முதல் நாள் ஜிப்ரயீல், மீக்காயீல், இஸ்ராஃபீல், மலக்குல் மவ்த் ஆகிய நான்கு ஜோடி போதும். வஹீ (இறைச்செய்தி), மழை, ஸூர் (எக்காளம்), உயிர் என்று பணி தெளிவாகப் பிரிவதால் தடுமாற மாட்டார்கள். அடுத்த வகுப்பில் மாலிக்கையும் அர்ஷை (இறைவனின் அரியணையை) சுமக்கும் எட்டுப் பேரையும் (69:17) சேர்க்கலாம். அட்டைகளைத் தரையில் பரப்பச் சொல்கிறது கையேடு. பின்பக்கம் ஆயத்து (குர்ஆன் வசனம்) முழுசாக அச்சாகியிருக்கிறது. காலடியில் படாமல் பெஞ்சின்மேல் வைத்தே நடத்துங்கள்.