மூன்று பழைய டீசல் கெப்: எது சொல்லிக் கெடும், எது சொல்லாமல் கெடும்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதோடு இலங்கையில் பழைய டபிள் கெப்புகளின் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் தட்டும் உள்ள வண்டிகள்) விலை ஏறத் தொடங்கியது. 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்தாலும், புதியதற்குரிய வரியைக் கேட்டவர்கள் பழசையே தேடுகிறார்கள். அப்போது பேச்சில் அடிபடுபவை மூன்று: 3எல் இஞ்சின் பூட்டிய ஹைலக்ஸ் எல்.என்.106, 4டி56 டர்போ பூட்டிய மிட்சுபிஷி எல்200, 1கேடி பூட்டிய ஹைலக்ஸ் வீகோ. ஒழுங்காகப் பார்த்தால் மூன்றும் நெடுங்காலம் ஓடும். வாங்குமுன் பார்க்கவேண்டியது, கெடுவதற்கு முன் எது வாய்திறக்கும் என்பதைத்தான்.

3எல் வாயாடி. 2779 சிசி, டர்போ இல்லை, பிளொக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) ஹெட்டும் (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்) வார்ப்பிரும்பு, டீசல் பம்ப் பழைய ரோட்டரி ரகம். பம்பின் ஷாஃப்ட் சீல் தேய்ந்தால் டீசல் சொட்டும். இரவில் காற்று ஏறி, காலையில் ஃபில்டர் தலையிலுள்ள கைப்பம்பை அமுக்காமல் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்று செத்தால் குளிரில் நடுக்கமும் வெள்ளைப் புகையும். கிராங்க்கையும் வால்வுகளையும் ஒத்துச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருதடவை மாற்றவேண்டும். அதற்கென டாஷ்போர்டில் ஒரு விளக்கே இருக்கிறது (பழைய வண்டிகளில் பல்பைக் கழற்றி வைத்திருப்பார்கள், பாருங்கள்). வால்வ் இடைவெளி இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.20–0.30 மி.மீ., எக்ஸோஸ்ட் 0.40–0.50 மி.மீ. முன் அச்சு முழு இரும்பு, லீஃப் ஸ்பிரிங். சில்லுக்குப் பின்னால் நக்கிள் உருண்டையில் (முன்சில்லு திரும்பும் மூட்டு) கிரீஸும் எண்ணெயும் கலந்து வழிந்தால் சீல் போய்விட்டது. அப்படியே விட்டால் உள்ளே தண்ணீர் போய் ஜொயின்ட்டைத் தின்றுவிடும். குறை என்றால் வேகம். சுமையோடு மலையேறும்போது பின்னால் வருபவர்களின் ஹோர்னைக் கேட்டுப் பழகவேண்டும்.

எல்200இன் 4டி56 இழுவையில் வேறு ரகம். 2477 சிசி, டர்போ, அலுமினிய ஹெட். ஆனால் டைமிங் கவருக்குள் இருப்பது ஒரு பெல்ட் அல்ல, இரண்டு. வெளியே டைமிங் பெல்ட். உள்ளே, இஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பலன்ஸர் ஷாஃப்ட்டுகளைச் சுற்றும் சின்ன பெல்ட். செலவு மிச்சம் என்று வெளிப் பெல்ட்டை மட்டும் மாற்றுவது வழக்கம். உள் பெல்ட் அறுந்தால் அதன் துண்டு வெளிப் பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் கழற்றிவிடும். வால்வை அமுக்கும் ரொக்கர் ஆர்ம்கள் மட்டும் உடைந்து வால்வ் தப்பினால் அதிர்ஷ்டம். ஆகவே 100,000க்கு முன்பே இரண்டு பெல்ட், இரண்டு டென்ஷனர், கிராங்க், கேம் முன் சீல்கள் எல்லாம் ஒரே தடவையில் மாற்றவேண்டும். கசியும் எண்ணெய் பட்டால் புது பெல்ட்டும் ஊறிப்போகும். கிராங்க்கின் முன்னாலுள்ள கப்பியின் (pulley) போல்ட்டை, முறுக்கு அளவு காட்டும் டோர்க் ரெஞ்ச் வைத்தே முறுக்கச் சொல்லுங்கள். அது தளர்ந்தால் கப்பியைப் பிடித்துவைக்கும் கீ உட்காரும் பள்ளம் தேய்ந்து டைமிங்கே நகரும்.

இதன் அடுத்த பலவீனம் ஹெட். ஒருதடவை கொதித்தாலும் வால்வுகளுக்கு நடுவில் விரிசல் விழக்கூடும். சோதனை எளிது: இரவு முழுக்க நின்ற வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மூடி, ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்குங்கள். தண்ணீர் சூடேறுமுன்பே ஹோஸ் கல்லாக இருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

வீகோவின் 1கேடி (2982 சிசி, கொமன் ரெயில்: உயர் அழுத்தக் குழாயிலிருந்து கணினி டீசலைப் பீச்சும் முறை) மூன்றிலும் சொகுசு, பலசாலி, ஆனால் அமுக்கமானது, சொல்லாமல் கெடும். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்தால் எரிந்த காற்று ரொக்கர் கவருக்குள் வந்து எண்ணெயில் கரியைக் கலக்கும். அந்தக் கரி சம்பில் (இஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இறங்கி, எண்ணெய் உறிஞ்சும் வலையில் அடிப்பிடித்த சோறுபோல ஒட்டிக்கொள்ளும். வலை அடைபட அடைபட எண்ணெய் அழுத்தம் குறையும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இராது. ஒரே அறிகுறி, காலையில் ஸ்டார்ட் செய்தபின் எண்ணெய் விளக்கு அணையத் தாமதிப்பது. அதையும் பலர் கவனிப்பதில்லை. இதைக் கவனியாத வண்டிகளில் பேரிங்கும் கிராங்க்கும் ஒன்றாகப் போகும்.

வாங்கினால் முதல் வேலை: சம்பை இறக்கி வலையைப் பாருங்கள், நான்கு வாஷர்களையும் மாற்றுங்கள், எண்ணெயை 5,000 கிலோமீற்றருக்கு ஒருதடவை மாற்றுங்கள். ஸ்கேனரில் ஐட்லிங்கில் இன்ஜெக்டர் திருத்த அளவு (ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஒவ்வொன்றும் ±3க்குள் நிற்கவேண்டும். தாண்டினால் இன்ஜெக்டர் செலவு காத்திருக்கிறது. புதிய இன்ஜெக்டரின் தலையிலுள்ள குறியீட்டை ஈ.சி.யு.வில் (இஞ்சினை இயக்கும் கணினி) பதியாமல் விட்டால் இஞ்சின் முரட்டுத்தனமாகவே ஓடும். தண்ணீர் கலந்த டீசல் இதற்கு விஷம். 3எல் இருமிவிட்டு ஓடும் டீசலில் 1கேடியின் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகக்கூடும்.

தோட்டம், வயல், பக்கத்தில் ஒரு சாதாரண கராஜ் என்றால் எல்.என்.106ஐத்தான் சொல்லலாம், உடல் துரு, சேஸி விரிசல் மட்டும் கண்ணில் படவேண்டும். நெடுந்தூரம் குடும்பத்தோடு ஓடுபவருக்கு, ஸ்கேனர் உள்ள ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், வீகோ. எல்200 விலையில் இறங்கினால் மட்டும் பார்க்கலாம். “பெல்ட் மாத்தியாச்சு” என்று விற்பவர் சொன்னால், “ரெண்டுமோ?” என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் புது பெல்ட் இரண்டின் விலையையும் கூலியையும் அங்கேயே கழித்துப் பேசுங்கள்.