சைபை-டாக்டெஸ்ட்: எடுத்துக்காட்டு நிரல் திருத்துவோருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

அறிவியல் மென்பொருள் நூலகங்களில் (பிறர் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு நிரல் கெட்டுப்போவது சத்தமில்லாமல் நடக்கும். பைத்தான் நிரல்மொழியோடு வரும் டாக்டெஸ்ட், எடுத்துக்காட்டை ஓட்டி, ஆவணத்தில் எழுதிய விடையோடு ஒப்பிட்டு அதைப் பிடிக்கும்தான். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கறார் பேர்வழி. எண் அணிகளைக் கையாளும் நம்பை நூலகத்தின் 1.14 பதிப்பில், அச்சாகும் அணியின் அடைப்புக்குறிக்கும் முதல் எண்ணுக்கும் நடுவே இருந்த இடைவெளி போனது. 2024 ஜூனில் வந்த 2.0-இல், 2.0 என்று காட்டிய சராசரி ‘என்பி.ஃப்ளோட்64(2.0)’ ஆனது. கணக்கு மாறவில்லை, சோதனை மட்டும் தோற்றது. டாக்டெஸ்டின் இடைவெளித் தளர்வுத் தெரிவான நார்மலைஸ்_வைட்ஸ்பேஸ் போட்டாலும் முதல் கோளாறு தீராது. நாலு இடைவெளியை ஒன்றாக எடுத்துக்கொள்ளும். இல்லாத இடைவெளியை இருப்பதாக ஏற்காது.

சைபை என்ற அறிவியல் கணக்கு நூலகத்தாரின் சைபை-டாக்டெஸ்ட், ஆவணத்தில் உள்ள விடையையும் ஓட்டி வந்த விடையையும் எண்களாகப் பார்த்து, சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன இரண்டு தொல்லையும் ஒழிகின்றன. பைத்தானின் நிறுவு கருவியான பிப் வழியே நிறுவி, பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியோடு சேர்த்தே ஓட்டலாம்.

இதில் எனக்குப் பிடித்தது ‘மே வேரி’ குறிப்பு. வெளியீட்டு வரியில் அதைப் போட்டால் நிரல் ஓடும், விடையை மட்டும் ஒப்பிடாது. பழைய ‘+ஸ்கிப்’ போட்ட வரியோ ஓடவே ஓடாது. சைபை 1.14-இல் சிம்ப்ஸ் என்ற தொகையிடல் சார்பு நீக்கப்பட்டு, அதன் புதுப் பெயரான சிம்ப்சன் மட்டும் நின்றது. ஸ்கிப் போட்ட எடுத்துக்காட்டில் பழைய பெயர் அப்படியே கிடந்தாலும் சோதனை பச்சையாகத்தான் காட்டும். ஆகவே திருத்த உட்கார்ந்தால் முதலில் ஸ்கிப்களைத் தேடி எடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. இயல்பு அமைப்பில் 3-ம் 3.0-ம் அதற்கு ஒன்றுதான். தரவு வகை (முழு எண்ணா, தசம எண்ணா) முக்கியமான இடத்தில் ஸ்ட்ரிக்ட்_செக் என்ற அமைப்பை இயக்க வேண்டும். வரைபட வரிகளின் வெளியீட்டையும் அது பார்ப்பதில்லை.

விடையே மாறியிருந்தால் எந்தக் கருவியும் உதவாது. புது வெளியீட்டை நகலெடுத்து ஒட்டினால் சோதனை தேறும், பிழையும் ஆவணத்தில் ஏறிவிடும். சின்ன உள்ளீட்டைக் கையால் போட்டுப் பாருங்கள்: [1, 2, 3]-க்கு ட்ரெப்சாய்டு (சரிவக முறைத் தொகையிடல்) 1.5 + 2.5, அதாவது 4.0. வேறு எண் வந்தால் தப்பு எடுத்துக்காட்டில் இல்லை, நூலகத்தில்.

நம்பை அணிகள் இல்லாத சிறு நூலகத்துக்கு இது அதிகப்படி. பைடெஸ்டின் ‘நம்பர்’ தெரிவே போதும். ஆனால் சரத்துக்குள் (எழுத்துத் தொடருக்குள்) இருக்கும் தசம எண்ணையும் அது தளர்த்தியே ஒப்பிடும், அதனால் எல்லாக் கோப்புக்கும் பொதுவாக இயக்கிவிடாதீர்கள்.