என் கம்ப்ரசர் ஏற்காட்டில் தண்ணீர் துப்புகிறது

எத்தனை லிட்டர் டாங்க், எத்தனை குதிரைத் திறன், எந்த அழுத்தத்தில் தானாக நிற்கும் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது. பிளாஸ்டிக் விமான, டாங்கி மாடல்கள் செய்து, காற்றோடு பெயிண்ட்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் பிடிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது மனப்பாடம். ஆறில் ஒரு பங்கு குதிரைத் திறன் மோட்டார், மூன்று லிட்டர் டாங்க், நான்கு பார் (அழுத்த அலகு) ஏறியதும் நின்று மூன்று பாரில் மறுபடி ஓடத் தொடங்கும் அந்தச் சின்ன கம்ப்ரசர்தான். ஏழெட்டுப் பெயர்களில், ஏழெட்டு நிறங்களில் ஒரே சரக்கு விற்பனையாகிறது. என்னிடம் இருப்பது எந்தப் பெயரில் வந்தது என்று சொல்லப் போவதில்லை. சொல்ல வந்தது அது துப்பும் தண்ணீரைப் பற்றி.

முதலில் நியாயமாக நடந்துகொள்கிறேன். மோட்டார் தங்கம். அம்மாபேட்டை வீட்டு மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே, சேலத்துச் சித்திரை வெயிலில் அதை ஓட்டியிருக்கிறேன். தொட்டால் கை சுடும். ஆனாலும் ஒரு நாளும் திணறியதில்லை. மின்னழுத்தம் இறங்கி மின்விசிறி தள்ளாடும் மாலை நேரங்களிலும் முனகிக்கொண்டே அழுத்தம் ஏற்றிவிடும். சத்தமும் குறைவு. பக்கத்து அறையில் அம்மா தூங்க, இரவில் உட்கார்ந்து மாடல் விமானத்தின் இறக்கைக்குப் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த நாட்கள் உண்டு. அவர் விழித்துக்கொண்டதெல்லாம் தின்னர் நாற்றத்தால்தான். சேலத்தில் இருந்தவரை ஒரே தொல்லை, நாசில் நுனியிலேயே பெயிண்ட் காய்ந்து அடைத்துக்கொள்வது. அது வெயிலின் வேலை. பெயிண்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு சேர்த்து, அவ்வப்போது ஊசி முனையைத் துடைத்துவிட்டால் தீர்ந்தது.

பிறகு எனக்கு ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் வேலை அமைந்தது. அஸ்தம்பட்டி, அடிவாரம், அதன்பின் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாமான்களோடு கம்ப்ரசரும் ஏறியது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். சன்னலைத் திறந்தால் மூடுபனி அனுமதி கேட்காமல் உள்ளே வந்து உட்காரும் ஊர். மாடல் செய்கிறவனுக்கு இதைவிட நல்ல ஊர் உண்டா என்று எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். வேர்வை கிட்டின்மேல் (ஒட்டிச் சேர்க்கும் மாடல் பாகங்கள்மேல்) சொட்டாது, பெயிண்ட் நிதானமாகக் காயும். எல்லாம் உண்மைதான். கம்ப்ரசரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்போது மேசையில் இருந்தது 1/48 அளவு (அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு) மிக்-21 மாடல். 1963இல் நம் விமானப்படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26இல் சண்டிகரில் விடைபெற்றதே, அதே போர் விமானம். அதில் எஃப்எல் என்ற பழைய வகையை வண்ணம் பூசாத வெள்ளி நிறத்தில் செய்வது என்று முடிவு. உலோகப் பூச்சு எவ்வளவு கறாரானது என்பது அதை அடித்தவர்களுக்குத் தெரியும். முதலில் பளபளக்கும் கறுப்பு அடித்தளம்; அதன்மேல் லாக்கர் என்ற, வேகமாகக் காயும் உலோக நிறப் பெயிண்ட் மெல்லிதாக, மூச்சு விடுவதுபோல் ஒரு பூச்சு. அடியில் உள்ள கறுப்பில் ஒரு தூசி இருந்தாலும் வெள்ளி அதைப் பத்து மடங்காக்கிக் காட்டும். உப்புத்தாள் கீறல், பட்டி வைத்த இடம், விரல் ரேகை எதையும் மறைக்காது.

கறுப்பு நன்றாக வந்துகொண்டிருந்தது. இடது இறக்கை முடிந்து வலது இறக்கைக்குப் போகிறேன். காற்றின் ஓசை ஒரு கணம் மாறியது, தொண்டையில் சளி கட்டியதுபோல. "ப்ளக்" என்றொரு சத்தம். ஈரக் கறுப்பின் நடுவே கடுகளவு நீர்த்துளி விழுந்தது. விழுந்த இடத்தில் பெயிண்ட் விலகிக்கொண்டது. துளியைச் சுற்றி மெல்லிய வளையம், வளையத்துக்குள் சாம்பல் நிற பிளாஸ்டிக். துடைத்தால் பரவும், விட்டால் பள்ளமாகக் காயும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் இரண்டு. குழாயைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே தண்ணீர் உருள்வது வெளியிலிருந்தே தெரிந்தது.

இயந்திரத்தில்தான் நீர் வடிகட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. கண்ணாடிபோல் தெரியும் குட்டிக் கிண்ணம், அடியில் அழுத்தினால் தண்ணீர் வெளியேறும் பித்தான், எல்லாம் உண்டு. கிண்ணத்தைப் பார்த்தேன். உலர்ந்து கிடந்தது. என் கோபம் முழுவதும் அந்த உலர்ந்த கிண்ணத்தின்மேல்தான்.

கணக்கு எளிது. 20 டிகிரி வெப்பத்தில் மூடுபனி சூழ்ந்த காற்று, கன மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் நீராவியைச் சுமக்கிறது. இந்த இயந்திரம் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும். விடாமல் ஒரு மணி நேரம் ஓடினால் 20 கிராம் தண்ணீர் அதன் வயிற்றுக்குள் போகிறது, நான்கு தேக்கரண்டி. காற்றை, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் நான்கு பாருக்கு அமுக்கும்போது அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்தச் சிறிய இடத்தில் அவ்வளவு நீராவி தங்க முடியாது. தங்காதது தண்ணீராகும்.

ஆனால் உடனே ஆகாது. அமுங்கிய காற்று சூடாக இருக்கும், சூடான காற்று நீராவியை விடாமல் பிடித்துக்கொள்ளும். அது ஆறும் இடத்தில்தான் தண்ணீர் விழும். நம் வடிகட்டி எங்கே இருக்கிறது? கொதிக்கும் பம்புக்குப் பக்கத்தில், டாங்கின் தலைமேல். நீராவி அதன் வழியாக ராஜநடை போட்டுக் கடந்து, ஏற்காட்டுக் குளிரில் கிடக்கும் ரப்பர் குழாய்க்குள் வந்து ஆறி, துளியாகி, நேராக என் மிக்-21 இறக்கையில் குதிக்கிறது. சேலத்தில் ஏன் வரவில்லை என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. அங்கே அறையே 35 டிகிரி. குழாய்க்குள் காற்று பெரிதாக ஆறுவதற்கு வழியில்லை. நீராவி நீராவியாகவே வெளியே போய்விட்டது. வெயிலுக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரே இடம் இதுதான்.

வடிகட்டியை அங்கே வைத்தால் பார்க்க அழகாக இருக்கிறது, படத்தில் நன்றாக விழுகிறது, பெட்டிக்குள் அடங்குகிறது. தண்ணீரைப் பிடிக்க மட்டும் அது இடமில்லை. வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமலிருக்காது. தெரிந்தேதான் அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இயந்திரத்துக்கு அநியாயம் ஆகும். மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் மேற்பரப்பு பால் தெளித்ததுபோல் வெளுத்துப் போகிறதே, அது கம்ப்ரசரின் குற்றமன்று. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்ட் குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரம் அதன்மேலேயே படிந்துவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்த கம்ப்ரசராக இருந்தாலும் ஏற்காட்டு ஐப்பசியில் வெளுக்கத்தான் செய்யும். மெதுவாகக் காயும் தின்னர் சேர்க்கலாம். இல்லையென்றால் வெயில் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம். துளி விழுவதையும் வெளுப்பதையும் குழப்பிக்கொண்டு கம்ப்ரசரைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துளி துளியாகப் பள்ளம் விழுந்தால் குழாய்த் தண்ணீர், மொத்தமாக வெளுத்தால் ஊர்க்காற்று.

சேலம், நாமக்கல், ஈரோட்டில் இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் ஒரு வேனுக்குள் அடங்குவார்கள். யாராவது ஒருவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். பாதி நேரம் கிட் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதில் போகும், மீதி தட்டுவடை செட்டில். லாக்கர் எளிதில் தீப்பற்றும் சரக்கு என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சாலை வழியாகத்தான் வரும். யாராவது பெங்களூர் போனால் அவர் பையில் எல்லோருடைய பட்டியலும் இருக்கும். இந்தக் கூட்டத்தில் என் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். ஆளுக்கொரு வைத்தியம். குழாயை உயரத் தொங்கவிடு என்றார் ஒருவர். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நுழை என்றார் இன்னொருவர். டாங்கி மட்டுமே செய்யும் மூத்த நண்பர் சிரித்தார். "என்னுடைய வண்டியில் தண்ணீர் விழுந்தால் அதைச் சேறு என்று சொல்லிவிடுவேன்" என்றார். டாங்கி செய்கிறவர்களுக்கு எப்போதும் இந்த வசதி உண்டு. அவர்களுடைய 1/35 என்ற அளவே வசதிக்காகப் பிறந்ததுதான்: 1961இல் தமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனம் தன் பாந்தர் டாங்கி மாடலை வெளியிட்டபோது மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று பார்த்ததில் வந்த அளவு, பிறகு உலகத்துக்கே அளவாகிவிட்டது.

விமானக்காரனுக்கு அப்படித் தப்பிக்க இடமில்லை. அதுவும் வெள்ளி விமானம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடும் பட்டறைக்காரர் ஒருவர் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். பழுது பார்த்து மறுபடி அடித்த மிக்-21ஐ அவரிடம் காட்டினேன். கையில் வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்கு நேராக ஒருமுறை சாய்த்தார். "வலது பக்கம் மூன்று இடத்தில் அமுங்கியிருக்கிறதே தம்பி" என்றார். எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாதது. நாளெல்லாம் வெள்ளியைப் பார்க்கிற கண்.

சென்ற மாதம் கம்ப்ரசர் நான்கு பாரில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. சேலத்துக்கு இறக்கி, ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தேன். பிரஷர் சுவிட்சைத் திறந்து காட்டினார், உள்ளே துரு. டாங்கை ஆட்டினார், சலசலவென்று சத்தம். புது சுவிட்ச் போட்டுவிட்டு அவரே கேட்டார்: "இது எந்த ஊரில் ஓடுகிறது சார்?" சொன்னேன். தலையை ஆட்டினார். "சூடாக வருகிற காற்றில் தண்ணீரைப் பிடிக்க முடியாது சார். ஆறவிட்டுப் பிடிக்க வேண்டும்."

சொன்னவர் அதோடு நிற்கவில்லை. ஃபிரிட்ஜுக்குப் போடும் கால் அங்குல செம்புக் குழாயை ஒரு பெயிண்ட் டப்பாவின்மேல் சுற்றிச் சுருளாக்கினார். இரண்டு முனையையும் விரித்து நட் போட்டார். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று சுருளின் மேல் முனையில் நுழைய வேண்டும், சரிந்து கீழே வர வேண்டும், கடைசியில் இன்னொரு வடிகட்டிக் கிண்ணம், அதற்குப் பிறகுதான் ஏர்பிரஷ் குழாய். சுவரில் ஆணியடித்து மாட்டினால் போதும். எல்லாம் சேர்த்து அவர் வாங்கிய தொகை, நான் ஒரு கிட்டுக்கு டெகால் (மாடலில் ஒட்டும் சின்னங்கள்) மட்டும் வாங்கும் தொகைக்கும் குறைவு.

மேலே கொண்டுவந்து மாட்டினேன். நல்ல பனிமூட்டமான மாலையாகப் பார்த்து, வேண்டுமென்றே சன்னலைத் திறந்துவைத்து ஓட்டினேன். சிறிது நேரத்தில் செம்புச் சுருளின் கடைசிச் சுற்று கைக்குச் சில்லென்றிருந்தது. கீழே உள்ள கிண்ணத்தில் முதல் துளி. பிறகு கண்ணெதிரே மட்டம் ஏறியது. பழைய வடிகட்டி வழக்கம்போல் உலர்ந்தே இருந்தது. ஏர்பிரஷிலிருந்து வந்தது காற்று, வெறும் காற்று. கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு இறக்கை அன்றைக்குக் கிடைத்தது. அந்தக் கிண்ணத்தில் சேர்ந்த தண்ணீரை ஒரு குப்பியில் ஊற்றி மேசையில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.

இப்போது அம்மாபேட்டையில் இருக்கும் தம்பி ஒருவன் கேட்கிறான்: "அண்ணா, விலை இறங்கியிருக்கிறது, வாங்கிவிடட்டுமா?" யோசித்துப் பார்த்தால் அவனுக்கு இது பொருத்தமான இயந்திரம். மோட்டார் உழைக்கும், சத்தம் போடாது, அவன் ஊர் வெயில் தண்ணீரைக் குழாய்க்குள் தங்கவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, வாங்காதே என்றும் சொன்னேன்.

முரண்பாடு என்றான். இருக்கட்டும். பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் டாங்கை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடித்ததை, ஆயிரக்கணக்கில் இதைச் செய்து தள்ளுகிறவர்கள் பெட்டிக்குள் வைக்கவில்லை. சில முழம் கூடுதல் குழாயும் கடைசியில் ஒரு கிண்ணமும் போதும். அதை வைக்காமல் மிச்சம் பிடித்த காசில்தான் இப்போது தள்ளுபடி தருகிறார்கள் என்பது என் கட்சி.

அவன் எப்படியும் வாங்குவான், குரலிலேயே தெரிந்தது. வாங்கினால் டாங்கின் அடியில் உள்ள வடிகால் திருகை ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும், அழுத்தம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே, திறந்துவிடட்டும். துரு கலந்த தண்ணீர் சீறிக்கொண்டு வரும்; அடியில் பழைய துணி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் திருகையும் கை நுழையாத மூலையில்தான் வைத்திருக்கிறார்கள்.