கொரோனா ரேபிட் ஆன்டிஜன் கிட்: C கோட்டை மட்டும் நம்ப வேண்டாம்

கொரோனா ஆன்டிஜன் கிட் 15 நிமிடத்தில் விடை தரும். மெஷின் எதுவும் வேண்டாம். அந்த வகையில் நல்ல கிட்தான். ஆனால் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரியாமல் கையில் எடுத்தால் ஆபத்து.

இது பிடிப்பது வைரஸின் நியூக்ளியோகாப்சிட் புரதத்தை. ஆர்டி-பிசிஆர் போல மரபணுவைப் பெருக்குவதில்லை. வைரஸ் குறைவாக இருந்தால் T கோடு (தொற்றைக் காட்டும் கோடு) வராது. அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில்தான் நன்றாக வேலை செய்கிறது.

எங்களுக்கு உள்ள பெரிய குறை C கோடு, அதாவது கிட் ஓடியதைக் காட்டும் கோடு. அது வந்தால் டெஸ்ட் சரியாக நடந்தது என்று லேபில் இருப்பவர்களே பலர் நினைக்கிறார்கள். திரவம் பட்டையில் ஓடியது, ரசாயனம் கெடவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. பெரும்பாலான கிட்களில் ஸ்வாப்பை (மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சி) மூக்கில் விடாமலே பஃபரில் (கிட்டோடு வரும் திரவம்) போட்டாலும் C கோடு வரும். பல பிசிஆர் கிட்களில் ஆர்என்ஏஸ் பி என்ற மனித மரபணுவும் சேர்ந்து வந்து, மாதிரி ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று காட்டிக்கொடுக்கும். இங்கே அது இல்லை.

ஆகவே மாதிரி எடுக்கும் கைதான் எல்லாம். மூக்கு ஸ்வாப் என்றால் சுமார் 2 செ.மீ. உள்ளே, சுவரை ஒட்டி, ஒவ்வொரு துளையிலும் ஐந்து சுற்று. பஃபரில் நன்றாகச் சுழற்றி, வெளியே எடுக்கும்போது குழாயைப் பிழிய வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தப் பிழிதலைத்தான். கெட்டியான சளியும் ரத்தமும் பட்டையை அடைத்துவிடும். ஃபிரிட்ஜில் இருந்த கிட் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பையைப் பிரியுங்கள். முன்பே பிரித்தால் ஈரம் ஏறிவிடும்.

துளிகள் கிட் தாளில் சொன்ன எண்ணிக்கைதான். குமிழி துளி ஆகாது. பஃபர் தீர்ந்தால் தண்ணீரோ சலைனோ ஊற்றக் கூடாது: பிஎச் (அமிலத்தன்மை அளவு) மாறினால் வைரஸே இல்லாமல் T கோடு வரலாம். குறித்த நேரத்துக்குள் வந்த மங்கல் கோடும் பாசிட்டிவ்தான். நேரம் தாண்டித் தோன்றுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்தபட்சம் 80 சதவீத சென்சிட்டிவிட்டி (தொற்று உள்ளவரைப் பிடிக்கும் விகிதம்), 97 சதவீத ஸ்பெசிபிசிட்டி (தொற்று இல்லாதவருக்கு நெகட்டிவ் காட்டும் விகிதம்). போதுமே என்று தோன்றும். 1000 பேரில் 5 பேருக்கு மட்டும் தொற்று உள்ள இடத்தில் கணக்குப் போட்டால், உண்மையான பாசிட்டிவ் 4, பொய்யான பாசிட்டிவ் சுமார் 30! தொற்று அரிதாக உள்ளபோது கண்மூடி எல்லோருக்கும் இதைச் செய்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். செய்தே ஆக வேண்டுமென்றால் பாசிட்டிவை பிசிஆரில் உறுதி செய்யுங்கள்.

அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் அதோடு அனுப்பிவிட வேண்டாம்: பிசிஆர், அது இல்லையென்றால் 48 மணி நேரம் கழித்து மறுபடி ஒரு கிட். புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்ததும் பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த மாதிரிகள்) ஓட்டிப் பார்த்த பிறகே நோயாளி மாதிரியைத் தொடுங்கள்.