டிடி ஃப்ரீ டிஷ்: மாதச் சந்தா இல்லை, தமிழும் அதிகமில்லை

2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தூர்தர்ஷன் தொடங்கிய, டிஷ் வழி வரும் இலவசத் தொலைக்காட்சிச் சேவை இது. டிஷ், எல்என்பி (டிஷ்ஷின் முன் நின்று சிக்னலை வாங்கும் கருவி), செட்டாப் பாக்ஸ், கேபிள் ஆகியவற்றை ஒருமுறை வாங்கினால் போதும்.

60 செ.மீ. டிஷ் பொதுவாகப் போதுமானது. சேனல்களை அனுப்பும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். சென்னையிலிருந்து தென்கிழக்கே, ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் பார்க்க வேண்டும். ஆனால் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் டிஷ்ஷின் முகம் அவ்வளவு மல்லாந்து தெரியாது. கண்ணளவை நம்பாமல் சிக்னல் மீட்டரைப் பார்த்தே நட்டை முறுக்குங்கள். சிக்னல் வருவது அதிக அதிர்வெண் கொண்ட கேயு பேண்டில் என்பதால் அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடையும். மழை விட்டும் சரியாகவில்லை என்றால், கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்.

பழைய வீடியோ சுருக்க முறையான எம்பெக்-2 பாக்ஸை மலிவு என்று வாங்காதீர்கள். புதிய முறையான எம்பெக்-4 சேனல்கள் அதில் வராது. இந்தச் சேவையில் தனியார் சேனல்கள் தங்களுக்கான இடத்தை ஏலத்தில் எடுக்கின்றன; அந்த இடங்கள் கைமாறும்போது சேனல்கள் காணாமல் போகும். ரீஸ்கேன் செய்யுங்கள்.

ஏலம் எடுப்போர் குறிவைப்பது பெரும்பாலும் இந்தி நேயர்களை. தனியார் தமிழ்ச் சேனல்களுக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். 2024 ஜனவரியில் பொதிகை என்ற அழகான பெயரைத் துறந்த டிடி தமிழ் உண்டு. செய்திக்கும் கர்நாடக இசைக்கும் அது தாராளம்.