பாலிகிராப்பா, குரல் அழுத்தச் சோதனையா: எதை எவ்வளவு நம்பலாம்?

நம் செய்தித்தாள்களில் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்று வந்தால் அது பெரும்பாலும் பாலிகிராப்தான். திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில் 2023-ல் சந்தேகத்துக்கு ஆளானவர்களுக்குச் சென்னையில் நடத்தியதும் அதுவே. அதற்குப் போட்டியாக அமெரிக்காவில் 1970-களிலிருந்து இன்னொரு சரக்கும் விற்பனையில் இருக்கிறது: குரலை வைத்தே பொய்யைப் பிடித்துவிடுவதாகச் சொல்லும் கருவி. வயர் வேண்டாம், பட்டை வேண்டாம், ஒரு மைக் போதும். விலையும் குறைவு, பயிற்சிக் காலமும் குறைவு. வாங்குகிற போலீஸ் துறைக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டும் எதை அளக்கின்றன என்று முதலில் பார்த்துவிடலாம். பாலிகிராப்பில் மார்பிலும் வயிற்றிலும் மூச்சை அளக்கும் குழாய்கள், கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரல்நுனியில் வியர்வைக்கான மின்முனைகள். இதில் எதுவுமே பொய்யை அளப்பதில்லை, பதற்றத்தைத்தான் அளக்கிறது. பயந்த நிரபராதியும் பதறுவான், பழகிய பொய்யன் பதறமாட்டான். சோவியத் யூனியனுக்கும் பின்னர் ரஷ்யாவுக்கும் ரகசியம் விற்ற அமெரிக்க உளவுத்துறை (சிஐஏ) அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-லும் 1991-லும் பாலிகிராப்பில் தேறிவந்தவர். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை என்று எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதை அந்தக் கருவி நிஜமாகவே அளக்கிறது.

குரல் கருவிக்கு அந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது. கை, விரல் தசைகளில் நொடிக்கு 8 முதல் 12 முறை நுண்ணிய நடுக்கம் இருப்பது உண்மை. பதற்றத்தில் அந்த நடுக்கம் அடங்கும், அது குரலிலும் தெரியும் என்பதுதான் விற்பவர்களின் வாதம். குரல்வளைத் தசைகளில் அப்படியொரு நடுக்கம் இருக்கிறதா என்று 1981-ல் தேடிப் பார்த்தவர்களுக்கு அது அகப்படவில்லை. இல்லாத ஒன்று எப்படி அடங்கும்?

சரி, கோட்பாடு போகட்டும், நடைமுறையில் பலிக்கிறதா? பாலிகிராப்பை அலசிய அமெரிக்க தேசிய ஆய்வுக் கவுன்சில் 2003-ல் தந்த தீர்ப்பு நடுவாந்திரமானது. குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது குருட்டாம்போக்கைவிட நன்றாகவே கண்டுபிடிக்கிறது, ஆனால் பிழையின்மைக்கு வெகுதூரம். வேலையில் இருப்பவர்களை மொத்தமாக வடிகட்டினால் கதை கெட்டுவிடும். 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்றால், அதில் 8 பேரைப் பிடிக்கச் சுமார் 1,600 அப்பாவிகளும் மாட்டுவார்கள் என்று அந்த அறிக்கையே ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. குரல் சோதனை பற்றி அதே அறிக்கை: பாலிகிராப்புக்கு மாற்றாகக் கொள்ள அறிவியல் ஆதாரம் ஏறக்குறைய இல்லை.

குரல் கருவிக்கு வந்த சோதனைகளில் எனக்கு நேர்மையாகப் படுவது ஓக்லஹோமா சிறையில் நடந்தது. முடிவு 2008-ல் வெளியானது. புதிதாகக் கைதாகி வந்த 319 பேரிடம் ‘அண்மையில் போதைப்பொருள் எடுத்தாயா?’ என்று கேட்டார்கள். பதிலைச் சந்தையில் இருந்த இரண்டு குரல் மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். கூடவே சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தார்கள், ஆக யார் பொய் சொன்னார் என்பதில் தர்க்கத்துக்கு இடமில்லை. பொய் சொன்னவர்களில் 15 சதவீதம் பேரைத்தான் மென்பொருள்கள் பிடித்தன. உண்மை சொன்னவர்களில் 8.5 சதவீதம் பேருக்குப் பொய்யர் முத்திரை. ஒட்டுமொத்தத் துல்லியம் 50 சதவீதத்தை ஒட்டி நின்றது. காசைச் சுண்டிப் போட்டாலும் அதே.

அந்த ஆய்விலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது. கருவி இல்லாமல் முன்பு கேட்டபோது பொய் சொன்னவர்களைவிட, கருவி முன்னால் பொய் சொன்னவர்கள் குறைவு. பூச்சாண்டியாக அது வேலை செய்கிறது! விசாரணை அதிகாரிகள் ‘பலிக்கிறது சார்’ என்று சத்தியம் செய்வதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பூச்சாண்டிக்கு உண்மையை மட்டும் வரவழைக்கத் தெரியாது. 1998-ல் கலிஃபோர்னியாவின் எஸ்காண்டிடோவில் 12 வயதுச் சிறுமி கொலையானாள். அவளுடைய 14 வயது அண்ணனைக் குரல் கருவி முன் உட்காரவைத்து, நீ பொய் சொல்வதாகக் கருவி காட்டுகிறது என்றார்கள். பல மணி நேர விசாரணைக்குப் பின் பையன் ஒப்புக்கொண்டான். பிறகு அந்தப் பகுதியில் சுற்றித்திரிந்த ஒருவரின் சட்டையில் சிறுமியின் ரத்தம் இருப்பது டிஎன்ஏ சோதனையில் தெரியவர, பையன் மீதான வழக்கு கைவிடப்பட்டது. அவன் நிரபராதி என்று நீதிமன்றம் அறிவித்தது 2012-ல். பாலிகிராப்பை வைத்தும் இப்படி மிரட்ட முடியும், மிரட்டியும் இருக்கிறார்கள். அந்த விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

இந்தியாவில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: சம்மதமில்லாமல் யாருக்கும் பாலிகிராப், நார்கோ (மருந்து ஊசி போட்டு அரைமயக்கத்தில் விசாரிப்பது), மூளை மின் சோதனை நடத்தக் கூடாது. 2019-ல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில், மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் குரல் மாதிரி கொடுத்தாக வேண்டும் என்றது. அது பதிவில் இருப்பது யார் குரல் என்று ஒப்பிட்டுப் பார்க்க, பொய்யா மெய்யா என்று பார்க்க அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புபவர்கள் உண்டு.

என்னைக் கேட்டால், இரண்டில் பாலிகிராப் ஒரு படி மேல். கட்டுப்பாடான சூழலில், குறிப்பிட்ட சம்பவத்துக்கு, துப்பு தேடும் அளவுக்கு மட்டும். குரல் கருவிக்கு அந்த ஒரு படியும் தரமாட்டேன். அதன் பெரிய வசதியே பெரிய ஆபத்தும்கூட. பாலிகிராப் என்றால் உடம்பில் பட்டை கட்டுவார்கள், சோதனை நடப்பது தெரியும், வேண்டாம் என்று சொல்லலாம். குரலுக்கு ஒரு போன் அழைப்பு போதும். பிரிட்டனில் 2007 முதல் அரசு உதவித்தொகை கேட்டுப் பேசியவர்களின் குரலைப் போனிலேயே இப்படிச் சோதித்துப் பார்த்தார்கள். 2010-ல் அரசு அதைக் கைவிட்டது.